அம்மாவுக்கு இழைத்துக் கொடுத்த கல்

அன்பு மகள் இளவரசிக்கு, குருவிநத்தத்திலிருந்து அப்பா எழுதுவது. ஆஸ்திரேலியாவில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பிடுங்கி, நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால் எழுதி, பக்கத்து வீட்டு விஜயராஜிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வேலை பார்க்கிற சுரங்கத்துக் கல் ஒன்று கொடுத்தாயே, வெள்ளையில் மஞ்சளும் சாம்பலுமாய் மின்னுமே. பூமிக்கடியில் கொதிக்கிற தண்ணீர் பாறை வெடிப்பில் ஏறி ஆறும்போது இதெல்லாம் ஒன்றாகப் படியும், மஞ்சள் தங்கமில்லை, இரும்பும் கந்தகமும், கூடவே ஈயம் இருக்கிறது, பாஷாணம்கூட இருக்கிறது என்றாய். அலமாரியில் வை, தொட்டால் கையைக் கழுவு என்றும் சொன்னாய். என் காதில் பாஷாணம் மட்டும் தங்கிவிட்டது. நவபாஷாணத்தில் சாமி சிலையே இருக்கிறதே, என் பெண் கொண்டுவந்தது குறைச்சலா என்று நினைத்தேன். அம்மாவின் முட்டி வலிக்கு, குழந்தைக்கு வசம்பு உரைப்பது போலச் சந்தனக் கல்லில் இழைத்துத் தேனில் குழைத்து ஒரு மண்டலம் கொடுத்தேன். பத்தியம்கூடப் பிசகவில்லை. இப்போது அவளுக்குக் கால் இரண்டும் மரத்துப்போகிறது, சோறு தங்கவில்லை, நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இல்லையென்றுவிட்டாள். வெளியே வந்து, "பொண்ணு குடுத்த கல்லுன்னு எவங்கிட்டயும் சொல்லாத, அதுக்குப் பேரு கெட்டுப்பூடும்" என்றாள். பஸ்ஸில் பாகூர் வரைக்கும் என் மேலேயே ஆத்திரம். கரும்புக்கு மருந்தடிக்கும்போது மூக்கில் துணி கட்டுகிறவன், இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாளைக் காலையில் அந்தக் கல்லையும் இழைத்த சந்தனக் கல்லையும் பையில் போட்டு டாக்டரம்மாவிடம் கொண்டுபோகப் போகிறேன். உன் அம்மா கோபித்தாலும் சரி. அந்தக் கல்லில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு, விஜயராஜ் பிரிண்ட் எடுத்துத் தருவான். கீழே உன் பெயரையும் உத்தியோகத்தையும் போடு, நான் சொன்னால் யார் நம்புவார்கள். அம்மாவைத் திட்டாதே. நீயும் அழாதே, கழுவச் சொன்னது நீ, இழைத்தது நான். சுரங்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு இறங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
தங்கவேல்

ஆறு மணிக்கு முதல் பஸ். அதற்குள் அனுப்பிவிடு கண்ணு.