கதவோரம் நின்றவள்

மில்பர்ன், ஒன்ராறியோ
1994 ஜனவரி 23, ஞாயிறு

என் அன்பு மேவிஸுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. போனதும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இப்போதுதான் காகிதத்தை எடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே மைனஸ் முப்பத்தொன்று. பேருந்து நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் இமை மயிரெல்லாம் உறைந்துவிட்டது. ஒரு பல் மருத்துவர் வீட்டு நிலவறையில் அறை கிடைத்திருக்கிறது. மேலே அவர்கள் நடப்பதெல்லாம் கேட்கும். வெந்நீர் வருகிறது, அது போதும்.

பயிற்சிக்கு வந்திருக்கும் மருத்துவமனை நம்முடையதைவிடப் பெரியது. என்னைத் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கரண்ட் வைக்கும்போது தலை அசையக்கூடாது என்று ஆளுக்கொரு முகமூடி செய்வோமே, அவற்றைச் சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. முதல் நாள் என்னோடு இருந்த பெண்ணுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. நான் என் முட்டை சாண்ட்விச்சைத் தின்று முடித்துவிட்டு அவளுடையதிலும் பாதியைத் தின்றேன்.

எனக்கு எதுவும் உறைப்பதில்லை, மேவிஸ். அம்மா போய் மூன்று மாதமாகிறது. அவளுடைய குளிர்கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். பையில் அவள் வைத்திருந்த இருமல் மிட்டாய் இரண்டு கிடக்கிறது. எடுத்துப் பார்ப்பேன், திரும்பப் போட்டுவிடுவேன். அழுகை வந்தால் வரட்டும் என்றுதான் இருக்கிறேன். வருவதில்லை.

நம்மிடம் கரண்ட் வைத்துக்கொண்ட ஐலீன் மக்ரே விஷயமும் அப்படித்தான். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் ஒருமுறை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள். இடது அக்குளுக்குக் கீழே பச்சை குத்திய புள்ளிக்கு நேராக மெஷினின் சிவப்பு ஒளிக்கோட்டைப் பிடிக்க வேண்டும். அந்தம்மாவுக்கோ உடம்பெல்லாம் மச்சம். நீ ஒன்றைக் காட்டி "புள்ளியில இருக்கு" என்றாய். நான் என் பக்கத்திலிருந்து சுற்றி வந்து, குனிந்து, என் கண்ணால் பார்த்து, "பார்த்தேன்" என்றேன். தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இறுதியாண்டுப் பெண்கள்தானே என்று நம்பி நம் மேற்பார்வையாளர் பெர்னிஸ் வெளியே மெஷின் பலகையருகே நின்றிருந்தாள். வியாழக்கிழமை ஐலீனுக்கு உடுப்பு மாட்டிவிடும்போது அந்தம்மா சொன்னாள்: "ஏன் கண்ணு, நீங்க ரெண்டு பேரும் மட்டும் என் மச்சத்துக்கு நேரா கோடு புடிக்கிறீங்க? மத்தவங்க இதுக்கு மேல இருக்கிற பச்சைப் புள்ளிக்கில்ல புடிப்பாங்க?"

ஒரு விரற்கடை தள்ளி. நான்கு நாள். படவேண்டிய ஓரத்தில் படாமல், படக்கூடாத இடத்தில் பட்டிருக்கும். மறுநாள் நீ சரியான புள்ளியில் வைத்துவிட்டு என் காதருகே வந்து, "முடிஞ்சுது. வாயைத் திறக்காதே. திங்கக்கிழமை சரிபார்க்கிற படம் எடுத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்" என்றாய். நானும் திறக்கவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன். தூங்க முடிந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

என்ன செய்யலாம் என்று எழுது.

உன் பிரியமுள்ள,
டார்லீன்


ஹார்ட்வெல், ஒன்ராறியோ
1994 பிப்ரவரி 6

என் அருமை டார்லீனுக்கு,

அடியே, பல் மருத்துவர் வீட்டில் குடியிருந்துகொண்டு அடுத்தவள் சாண்ட்விச்சைப் பிடுங்கித் தின்கிறாயா? உன் பல்லை எண்ணி வாடகையில் சேர்த்துவிடப் போகிறார், பார்த்து.

பல் என்றதும் நினைவு வருகிறது. என் டெஸ் குட்டிக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. "டார்லீன் சித்திக்குக் காட்டணும், போட்டோ புடி" என்று ஒரே அடம். ஃபிலிம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை, வாங்கி வந்து எடுத்தேன். கழுவிக் கொண்டுவந்ததும் அனுப்புகிறேன். போன வாரம் அவளுக்குக் காதுவலியும் காய்ச்சலும். இப்போது பரவாயில்லை.

எனக்கு இப்போது வீட்டில் நிறைய நேரம் இருக்கிறது. ஊரில் பனி இடுப்பு வரைக்கும். தாத்தாக்கள் எல்லாம் பகல் பூராவும் டோனட் கடையில் உட்கார்ந்து பனிக்கட்டி மேல் கல் தள்ளும் கர்லிங் ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். யார் கல்லை யார் தள்ளினார் என்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அந்த விஷயத்தை விடு. திங்கட்கிழமைப் படம் சரியாகவே வந்தது. ஐலீன் நன்றாக இருக்கிறாள், நான் பார்த்தேன். நீ யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். அம்மா போன துக்கத்தில் இருப்பவள் இதையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். உறைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, உறைக்கும்போது உறைக்கட்டும். அதற்கும் நாள் நட்சத்திரமா பார்க்க முடியும்? ஒழுங்காகச் சாப்பிடு. அம்மா கோட்டுக்கு உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் போட்டுக்கொள்.

முத்தங்களுடன்,
உன் மேவிஸ்
(கீழே கோணல்மாணலாக இருப்பது டெஸ் போட்ட கையெழுத்து)


மில்பர்ன்
1994 மார்ச் 13

அன்புள்ள மேவிஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வாரம் கல்லூரி விலாசத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே எனக்கொரு வாழ்த்து அட்டை வந்தது. ஐலீன் மக்ரே அனுப்பியது. பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தல் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவாளே, அந்தப் படத்தைத் தானே வரைந்திருக்கிறாள். உள்ளே, "என் மச்சங்களை எண்ணிப் பார்த்த பெண்ணுக்கு. இருபத்தைந்து நாள் என்று சொன்னது இருபத்தேழாகி ஒருவழியாக முடிந்தது. மறுபடியும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறாள். நடுவில் மெஷின் பழுதாகியிருக்கும் போல.

அந்த அட்டையை நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பன்னிரண்டு பேருக்குக் கரண்ட் வைத்தோம். ஒவ்வொருவருக்கும் சுற்றி வந்து, குனிந்து, "பார்த்தேன்" என்றேன். அந்தச் சொல் வாயில் மரப்பொம்மை பேசுவது போல வருகிறது. இங்கே எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள். "கை நடுங்காத பொண்ணு" என்கிறார்கள். நடுங்கினால்தானே நல்லது என்று நினைத்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மேவிஸ், உனக்கு எப்போதும் எல்லாமே லேசு. அன்றைக்கு முடிந்தது என்றாய், முடிந்துவிட்டது. கர்லிங் ஆட்டம் பார்க்கிறாய். அந்தம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இன்னும் ஐந்து வருடம் கழித்து அந்த ஓரத்திலேயே மறுபடி கட்டி வந்தால்? உனக்கு டெஸ் இருக்கிறாள், வேலை வேண்டும், புரிகிறது. ஆனாலும் வாயைத் திறக்காதே என்று சொன்னவள் நீதான். அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

டார்லீன்


ஹார்ட்வெல்
1994 மார்ச் 27

அன்பு டார்லீன்,

உன் கடிதம் கிடைத்தது. ஆமாம், சொன்னவள் நான்தான். இல்லை என்று நான் என்றைக்குச் சொன்னேன்?

ஐலீன் உனக்கும் அட்டை போட்டாளா? நல்ல மனுஷி. எனக்கு ஒரு டப்பா நிறைய வெண்ணெய் டார்ட் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். டெஸ் நான்கைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

உனக்கு இன்னும் ஆறேழு வாரம். பேசாமல் முடி. சான்றிதழைக் கையில் வாங்கு. பிறகு உட்கார்ந்து பேசலாம். இதைத் தவிர நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காலை ஐந்து மணிக்கே எழுந்து போக வேண்டியிருக்கிறது, அதனால் இவ்வளவோடு நிறுத்துகிறேன். விரலெல்லாம் மாவும் சர்க்கரையும், காகிதம் பிசுபிசுவென்று இருந்தால் மன்னித்துக்கொள்.

டெஸ்ஸின் போட்டோ இதோடு இருக்கிறது. பொக்கை வாயைப் பார்த்துச் சிரி.

உன் மேவிஸ்


மில்பர்ன்
1994 மே 15

மேவிஸுக்கு,

வெள்ளிக்கிழமை நான் ஹார்ட்வெல்லுக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை இங்கே என் கடைசித் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது, இனி சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் பேருந்து ஏறினேன்.

பெர்னிஸின் அறையில் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மச்சம், நான்கு நாள், ஐலீன் சொன்னது. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது எங்களுக்கு ஜனவரியிலேயே தெரியுமேம்மா. படம் எடுக்கறதுக்கு முன்னாடியே, திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு, மேவிஸ் வந்து இதே இடத்துல நின்னு சொன்னா. கணக்கு மறுபடி போட்டோம். ரெண்டு நாள் கூட்டிக் குடுத்தோம். டாக்டர் ஐலீன்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். 'அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னுதான் அந்தம்மா கேட்டாங்க. ஆனா கல்லூரி கேக்கல. மேவிஸோட பயிற்சியை நிறுத்திட்டாங்க. செப்டம்பர்ல மறுபடி முதல்லேர்ந்து இறுதியாண்டு. ஏன், அவ உனக்கு எழுதலையா?"

எழுதவில்லை என்றேன்.

"உன் கையெழுத்தும் தாள்ல இருந்துது. கேட்டேன். நீ போர்வை எடுக்கப் போய்க் கதவோரமா நின்னே, புள்ளியைப் பாக்கவே இல்ல, தான் சொன்னதாலதான் நீ கையெழுத்துப் போட்டதாச் சொன்னா. டார்லீனோட அம்மா இப்பதான் போயிருக்காங்க, கூப்பிட்டு விசாரிக்காதீங்கன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. சரி, விட்டேன். கதவோரமாத்தானே நின்னே?"

மேவிஸ், நான் தலையாட்டினேன்.

நான்கு நாளும் குனிந்து பார்த்தவள் நான். என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லத்தான் அத்தனை தூரம் போனேன். வாய் திறக்கவில்லை. தலை தானாக ஆடியது. பெர்னிஸ் என் தோளைத் தட்டி, "போய் வேலையைப் பாரு, நல்லா வருவே" என்றாள்.

வெளியே வந்து டோனட் கடை வழியாகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய். காகிதத் தொப்பி, கன்னத்தில் மாவு. யாரோ சொன்னதற்குச் சிரித்தாய். மாவும் சர்க்கரையும் என்று எழுதியிருந்தாயே, நான் அதை ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உள்ளே வர நினைத்தேன். மூன்று மணிப் பேருந்து வந்துவிட்டது.

வழி நெடுக அழ முயன்றேன். வரவில்லை. நீயாவது என்னைத் திட்டி எழுது.

டார்லீன்


ஹார்ட்வெல்
1994 மே 29

டார்லீன்,

தேர்வில் தேறியதற்கு வாழ்த்து.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. ஜனவரியில் அந்த வெள்ளிக்கிழமை, வாயைத் திறக்காதே என்று நான் பயத்தில் சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டெஸ்ஸைக் குளிப்பாட்டும்போது அவள் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். முதலில் தவறாகக் காட்டியது நான், அதனால் எனக்கு வந்தது நியாயம். உன்னைக் கதவோரத்தில் நிறுத்தியது மட்டும் பொய். நீ தாங்கமாட்டாய் என்று நினைத்து அதைச் சொன்னேன். உனக்குச் சொல்லாமல் மறைத்ததும் அதனால்தான்.

நீ தலையாட்டியதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பொய்யை உனக்காகத்தான் செய்து வைத்தேன், நீ எடுத்துக்கொண்டாய். ஆனால் இந்தக் கடிதம் வந்த பிறகு உன் மற்ற இரண்டு கடிதங்களையும் எடுத்து மறுபடி படித்தேன். டெஸ்ஸுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன், பல் விழுந்தது என்று எழுதியிருந்தேன், போட்டோ வைத்திருந்தேன். ஒன்றைப் பற்றியும் நீ ஒரு வரி எழுதவில்லை. அவள் தபால்காரனைக் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். இதற்கு எனக்குக் கோபம் வருகிறது. இதை எப்படி ஆற்றுவது என்று தெரியவில்லை.

இனி நீ எழுத வேண்டாம். பெர்னிஸிடம் போய் உண்மையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் பாடு. எனக்காகச் சொல்லாதே. செப்டம்பரில் நான் மறுபடி சேர்கிறேன்.

போன வாரம் ஐலீன் கடைக்கு வந்தாள். ஆரஞ்சு மேலங்கி, கையில் பலகை, எல்லாம் அப்படியே. எண்ணெயில் பொரித்த ஆப்பிள் ஃப்ரிட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு, கடையில் இருந்த கிழவர்கள் பார்க்கப் பார்க்கக் கையைத் தூக்கிச் சட்டையை விலக்கி, "எங்கே, எந்தப் புள்ளி என்னோடது, எது உங்களோடது, சொல்லு பாப்போம்" என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றி வந்து, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டேன். "பாஸ் பண்ணிட்டே!" என்று கத்தினாள். கடையே கை தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தொப்பியோடு சேர்த்துத் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

நீயும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு தோன்றியது, இருந்திருந்தாலும் நீ கதவோரமாகத்தான் நின்றிருப்பாய்.

மேவிஸ்