முதல் டிவிஷனுக்கு வராத கடிதம்

1984 ஆகஸ்டு 6

மழை. ஆனாலும் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸில் கரண்ட் போகவில்லை, அதிசயம்தான். போன மாதம் தோட்டம் விற்கப்போவதை அறிவிக்கும் கடிதங்களை அடித்தபோது பாதியில் போய் உயிரை வாங்கியது. நல்லவேளை, எந்த எண்ணில் நின்றோம் என்று டிஸ்க்கில் குறித்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். நின்ற இடத்திலிருந்தே தொடங்கியது.

இன்று அதே பீடோர் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுக் கடிதங்கள். இதை எடுத்துக்கொண்டு 30ஆம் தேதிக்குள் தோட்ட ஆபீஸில் பதிந்தால் மலிவு விலை வீடு. தேநீருக்கு முன்பே முடித்துவிட்டேன். அங்கே முதல் டிவிஷனில் இருக்கும் என் முத்தம்மா அக்காவுக்கும் ஒன்று போகும். பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

ஆகஸ்டு 19

ஞாயிறு. தோட்டத்துக்குப் போனேன். அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள்.

"ரெண்டாவது டிவிஷனுக்கெல்லாம் கடிதம் வந்துருச்சுடா தம்பி. எங்களுக்குத்தான் காணோம். கிராணிகிட்ட போயி கேக்கவா?"

"வேணாம்கா. கம்ப்யூட்டர் அடிச்சது, தப்பாது. வரும்லா."

கூப்பிடாமல் ஆபீஸ் படி ஏறினால், கணக்கெழுதும் அந்தக் கிராணி முகத்தைச் சுளிப்பார். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், பேர் கூப்பிடும்வரை வாய் திறக்காமல் நின்று பழகியவர்கள் நாங்கள். எனக்கும் அது போகவில்லை.

செப்டம்பர் 3

அக்கா பீடோர் டவுனிலிருந்து போன் செய்தாள். கடிதம் வரவே இல்லையாம். பதிவு முடிந்து, மிச்ச வீடுகளை வெளியாட்களுக்குக் கொடுத்தாயிற்றாம். முதல் டிவிஷனில் ஒருவருக்கும் இல்லை. ஒருவருக்குமா?

செப்டம்பர் 4

கண்டுபிடித்தேன்.

போன மாத வேலை முடிந்த பிறகும் 217 என்ற பழைய எண் டிஸ்க்கில் அப்படியே கிடந்திருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. புதுப் பட்டியலைக் கொடுத்ததும், பாதியில் நின்ற வேலை என்று எடுத்துக்கொண்டு மெஷின் 218இலிருந்து தொடங்கியிருக்கிறது. முதல் 217 வீடுகளின் கடிதங்கள் — முதல் டிவிஷன் முழுக்க — அச்சாகவே இல்லை. 'முடிந்தது' என்று திரையில் வந்தது, நம்பினேன். கடிதக் கட்டு மெலிசா இருந்துச்சே, கண்ணு எங்கடா போச்சு உனக்கு?

செப்டம்பர் 5

எங்கள் மேனேஜர் துரைசிங்கத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெளியில சொல்லாதேயும். பிழையைத் திருத்தும்."

திருத்தினேன். இனி வேலை முடிந்ததும் எண் அழியும். பட்டியலின் தேதி மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கும். நாலே வரி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகை வந்தது.

செப்டம்பர் 7

மூன்று முறை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பார்த்தேன். சரியாகத் தொடங்குகிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 16

தோட்ட ஆபீஸுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். வீடு தீர்ந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில்.

இன்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும். திட்டுவாள் என்று பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ வந்துட்டுப் போன மறுநாளு, எதுத்த வீட்டு இருளாயி, பத்துமலை அண்ணே எல்லாம் ஆபீஸுக்குக் கிளம்பி நின்னாங்க. நான்தான் தடுத்தேன். எந்தம்பி அடிச்சது, கண்டிப்பா வரும்னு..."



நவம்பர் 4

லயத்தின் வரிசை வீடுகளை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்காவுக்குத் தெலுக் இந்தான் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. லாரி பிடித்துப் போனேன். சாமான் ஏற்ற ஒருவரும் வரவில்லை. அலமாரியை அவளும் நானும்தான் தூக்கினோம்.

எதிர்வீட்டு வாசலில் இருளாயி உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டு வாரேன், இருளாயி," என்றாள் அக்கா.

இருளாயி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.