ஐந்தாவது ஆளுக்கு எறிவது

நவம்பர் 9, 2020

இன்றும் தோற்றேன். மூன்று முறை பந்தை எதிராளி கையிலேயே எறிந்து கொடுத்தேன். ஃபரீன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஃபரீன் என் காலேஜ் தோழி. அவள் அண்ணன் நவுஷாத் கள்ளக்குறிச்சியில் தன் செல்போன் கடை மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கிறார். கொரோனாவில் மூடிக் கிடந்து இப்போதுதான் திறந்தார். காலையில் ஆள் வராத நேரம் என்னை ஆடவிடுகிறார். வருகிறவர்கள் எல்லாரும் கிரிக்கெட் கேட்பார்கள், கார் ரேஸ் கேட்பார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலை யாரும் தொடுவதில்லை. நான் தொட்டதற்கு ஒரே காரணம், அதில் எறிய வேண்டும்.

ஈட்டி எறிந்த கை இது. மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். போன வருஷம் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை என்றிருந்ததும் போனது. அதைப் பற்றி இனி இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 12

ஆள் இருக்கும் இடத்துக்கு எறியக்கூடாது. அவன் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். இது ஏன் இவ்வளவு நாள் உறைக்கவில்லை?

நவம்பர் 20

பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணியின் கடைசி வரிசையைப் பார்த்துவிட வேண்டும். அங்கே இரண்டு பேர் விலகி நின்றால் நடுவில் இடம் இருக்கும். ஒருத்தன் மட்டும் நின்றால் ஓரமாக, நீளத்துக்கு எறியலாம். கூட்டமாகப் பாய்ந்து வந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குச் சட்டென்று கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஆசைப்படக்கூடாது. பட்டனைத் தட்டினால் பந்து வளைந்து மேலே போகும், அழுத்திப் பிடித்தால் நேராகப் பாயும்.

இன்று ஃபரீனை இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தேன்.

"டவுனுக்குப் போய் இன்னா பண்ணிக்கினு வர?" என்று அம்மா கேட்டாள். கேம் ஆடுகிறேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பார்த்துவிட்டு, "வலிக்கலயா?" என்றாள்.

வலிக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 28

சென்னையில் ஒரு கேம் கம்பெனி இதே ஆட்டத்தில் ஆன்லைன் போட்டி வைக்கிறது. கடைசி நாலு பேருக்குள் வந்தால், புதிய கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலைக்கு இண்டர்வியூ. நவுஷாத் அண்ணன் என்னைக் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னால் ஓடுகிறவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பட்டன். நாலு பட்டன் வலது கட்டைவிரலுக்கு. ஐந்தாவது, கண்ட்ரோலரின் மேல் விளிம்பில். ஆள்காட்டி விரலுக்கு. மோதிர விரலை அங்கே கொண்டுபோனால் பிடி நழுவுகிறது. பட்டன்களை மாற்றி அமைக்கக்கூடாது என்று போட்டியில் விதி.

சரி. நாலு பேரை வைத்துத்தான் ஆட வேண்டும்.

டிசம்பர் 6

இரண்டாவது சுற்றில் உயிர் போய் உயிர் வந்தது. முதல் பாதிக்குப் பிறகு எதிராளி என் ஐந்தாவது ஆளைக் காவல் காக்கவே இல்லை. அவனுக்கான காவலாளையும் சேர்த்து மற்ற நாலு பேர் மேல் போட்டான். ஒரு பாயிண்டில் தப்பித்தேன்.

"உன் மேட்ச் எல்லாம் நெட்ல கெடக்குதுடி. நீ அவனுக்கு எறியவே மாட்டன்னு இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள் ஃபரீன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன். இங்கியும் அதே வெரல்தானா? வேற எதுவும் கெடைக்கலியா?

டிசம்பர் 7

போகவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்.

டிசம்பர் 11

இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் அந்தப் பட்டனை அழுத்தலாம்! ஆனால் எறிகிறவனை நகர்த்துவதும் அந்தக் கைதான்; அந்த நேரத்தில் அவனை நகர்த்த முடியாது. நின்ற இடத்திலேயே நிற்பான், இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் மற்ற நாலு பேரில் ஒருத்தனை முன்னால் ஓடவிடாமல் பின்னால் நிறுத்திக் காவலுக்கு வைக்க வேண்டும். பிடிக்க ஒரு ஆள் குறையும், எறிய ஒரு மூச்சு கூடுதலாகக் கிடைக்கும்.

காலை முழுக்க அதையே பழகினேன். பாதிக்குப் பாதி விழுகிறது. விழட்டும். போட்டியில் மட்டும் இப்போதைக்கு இதைக் காட்டக்கூடாது.

டிசம்பர் 21

மூன்றாவது சுற்றையும் நாலு பேரை வைத்தே தாண்டிவிட்டேன். நாளை பதினோரு மணிக்கு ஆடுவதில் ஜெயித்தால் கடைசி நாலு பேரில் ஒருத்தி.

நாளைக்கே சாலை மறியலும். இட ஒதுக்கீட்டுக்காக. எங்கள் ஊரில் அதை முன்னால் நின்று நடத்துவது அய்யப்பன் அண்ணன், என் கூடப் பிறந்தவன்.

டிசம்பர் 22

பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் ரோட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. அண்ணனிடம் போய் நின்றேன்.

"ண்ணா, பதினோரு மணிக்கு மேட்ச்."

"ஊரே ரோட்ல குந்திக்கினு இருக்குது. நீ கேம் ஆடப் போறியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு முகம் சிவந்தது.

"இதெல்லாம் யாருக்காக? உன்னமாரி படிச்சிட்டு வூட்ல இருக்கிறவங்களுக்காகத்தான்."

"எனக்காகன்னா எனக்கு வழி வுடு."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன்.  அவன் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"எக்ஸெல் வண்டி டிராக்டருக்குப் பின்னால நிக்குது. ஏரிக்கரை மேலயே போயி சங்கராபுரத்துல ரோட்டப் புடி. நான் வர முடியாது."

விரல் போனதிலிருந்து நான் வண்டியைத் தொட்டதில்லை. அவனுக்கும் தெரியும். மூன்று விரலால் முறுக்கிக்கொண்டு, இடது பிரேக்கை நம்பியே போனேன். ஏரிக்கரைப் பள்ளத்தில் ஒரு முறை விழப் பார்த்தேன்.

எதிராளி கோயம்புத்தூர்க்காரன். எல்லா ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தான். கடைசி வாய்ப்பில் நாலு புள்ளி பின்தங்கி இருந்தேன்; கோட்டைத் தாண்டிப் பிடித்தால் ஆறு. என் ஐந்தாவது ஆள் வலது ஓரம் தனியாக ஓடினான், பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. காவலுக்கு ஆளை நிறுத்தினேன். இடது கையைக் குறுக்கே போட்டேன். அழுத்திப் பிடித்தேன்.

பந்து போய்ச் சேர்ந்தபோது அவனும் அங்கே வந்து சேர்ந்தான்.

ஃபரீன் போட்ட சத்தத்தில் கடையை விட்டுவிட்டு நவுஷாத் அண்ணன் மேலே ஓடி வந்தார்.

சாயங்காலம் அண்ணன் தொண்டை கட்டிப்போய் வந்தான். "இன்னா ஆச்சி?"

"ஜெயிச்சிட்டேன்."

"வண்டிக்குப் பெட்ரோல் போட்டியா?"

"போட்டேன்."

தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

ஜனவரி 3, 2021

அரையிறுதியில் சுத்தமாகத் தோற்றேன். எதிரே ஆடியவள் என்னைவிட நன்றாக எறிகிறாள். எப்படி என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26

இண்டர்வியூவில் தேறி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியதாம். அண்ணன் போனில் பேசும்போது பின்னால் பட்டாசுச் சத்தம். "க்ரூப் ஃபோர் எழுது, இன்னா?" என்றான். எழுதுகிறேன் என்றேன். சும்மா சொல்லவில்லை.

மார்ச் 14

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் சீக்கிரம் நின்றுவிடுகிறது. துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது. வாங்கிய பரீட்சைப் புத்தகத்தில் முதல் பாடம் முடித்தேன்.

அம்மா போன் பண்ணினாள். சாப்பிட்டாயா, வெயில் ஜாஸ்தியா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "கேக்கிறவங்களுக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. ஆபீஸ்ல நாள் முழுக்க நீ இன்னாதான் பண்ற?" என்றாள்.

"எறிஞ்சிக்கினு இருக்கேம்மா."

 "சரி, அப்டியே சொல்றேன்" என்றாள்.