தகரக் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லாயிருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? போன் பண்ணினா ரெண்டு வார்த்தையில வச்சிடுறீங்க, அதான் எழுதுறேன்.

பெங்களூர்ல குளிர் தொடங்கிடுச்சு. ரூம்ல பேச ஆளில்லாம ஞாயித்துக்கிழமையும் லேப்புக்குப் போயிடுறேன். எலிக்குட்டிங்களைப் பாத்துக்கிறதுதான் அங்க என் வேலை. கூண்டுல கூடு கட்டுறதுக்கான பஞ்சைக் குறைச்சு வச்சா தாய் எலி பதறிப்போயி குட்டிங்களையே மிதிச்சிடும். அந்தக் குட்டிங்க வளந்த பிறகும் சின்னச் சத்தத்துக்கே துள்ளுதுங்க. மூளையில தூண்டுறதும் அடக்குறதும் சமமா இருக்கணுமாம். இதுங்களுக்கு அடக்குறது தளந்துடுதுன்னு எங்க சார் சொல்றாரு.

நேத்து கேன்டீன்ல யாரோ தட்டைக் கீழே போட்டுட்டாங்க. பாத்தா, நான் மேஜைக்கு அடியில உக்காந்திருக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

செந்துறை முந்திரி கொஞ்சம் வறுத்து அனுப்பச் சொல்லுங்க. அண்ணி குழந்தையோட நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்களாமே. வாசல் தகரக் கதவோட கீலுக்கு எண்ணெய் போட்டு வைங்க. அரியலூர்லேருந்து கோவமா வர்ற அன்னிக்கும் அதை மெதுவா சாத்துங்கப்பா. குழந்தைக்கு இன்னும் அந்தச் சத்தம் தெரியாது.

லேப் பூட்டப் போறாங்க, கிளம்புறேன்.

இலக்கியா