பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தவன்

பாலக்கரை, திருச்சி.
சனிக்கிழமை.

அன்புள்ள சாரநாதனுக்கு,

ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கனடாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மாவின் நெற்றியில் தையல் பிரித்தாயிற்று. சின்னத் தழும்புதான்.

போனில் இரண்டு முறை சொல்ல வந்தேன். இரண்டு முறையும், "நீதானேடா கார்ல பழுது இல்லன்னு எழுதிக் கொடுத்த" என்று சொல்லி வைத்துவிட்டாய். உண்மைதான். எழுதிக் கொடுத்ததை எழுதித்தான் திரும்ப வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பேனா பிடிக்காத கை. சிரிக்காமல் கடைசி வரை படி.

நான் எழுதியது தப்பு. உன் டிரைவர் நவநீதன் சொன்னதுதான் நடந்தது.

போன மாதம் உத்தர வீதித் திருப்பத்தில் கார் சுவரில் இடித்து அம்மாவுக்கு அடிபட்ட அன்று அவன் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். மீட்டரில் எல்லா லைட்டும் எரிந்து, ஸ்டீரிங் கல்லாகிவிட்டது என்றான். போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பான் என்று நீ சொன்னாய். பழுது இல்லை என்ற என் சீட்டும் கைக்கு வந்ததும் அவனை நிறுத்திவிட்டாய்.

இந்தக் காலத்துக் காரில் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, ஸ்டீரிங்குக்கு ஒரு பெட்டி. முறுக்கிவிட்ட இரண்டே ஒயரில் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். பேச்சு நின்றால் ஸ்டீரிங்கைத் திருப்ப மோட்டார் உதவாது. அன்று ஸ்கேனர் போட்டபோது நான்கு பெட்டியிலும் தொடர்பு அறுந்ததாகப் பதிவு இருந்தது. இடித்ததில் பேட்டரி ஒயர் ஆடியிருக்கும் என்று நினைத்து, குறித்துக்கூட வைக்காமல் அழித்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று ஓட்டிப் பார்ப்பது எங்கள் பழக்கம். மூன்று நாள் ஓட்டினேன், வரவில்லை. காருக்குள் தண்ணீர் ஏதாவது கொட்டியதா என்று நவநீதனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்கண்ணே" என்றான். நானும் பெரிய மேதாவி மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

புது டிரைவர் மார்ட்டின் புதன்கிழமை காரை மெல்ல உருட்டிக்கொண்டு என் மெக்கானிக் கடைக்கு வந்தான். அதே லைட், அதே ஸ்டீரிங். தன் மேலும் பழி விழுமோ என்று அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. தேதி எழுத காலண்டரைப் பார்த்தேன். அன்று கறுப்பு வட்டம், அமாவாசை. முந்தைய தாளைப் புரட்டினேன். சுவரில் இடித்த தேதியிலும் அதே வட்டம்.

முன் சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கினேன். அடியில் ஈரம். ஒயர்கள் சேரும் கனெக்டரில் பச்சைப் பாசியாகக் களிம்பு, அதில் ஒட்டிய ஒரு துளசி இலை. காய வைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருந்தது. நானே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். ஸ்கேனரில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

நேராக உன் அம்மாவிடம் போனேன். முதலில் மழுப்பினார்கள். பிறகு அழுதுவிட்டார்கள். ஒவ்வோர் அமாவாசையும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், பெருமாள் திருமஞ்சனத்துக்குக் குடத்தில் காவேரி கொண்டுவருகிறார்கள். போன வருஷம் படித்துறையில் வழுக்கி விழுந்தபோது, இனி ஆற்றுப் பக்கம் போனால் வீட்டைப் பூட்டி முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவேன் என்று சொன்னாயாமே! அதனால் உன்னிடம் சொல்லக் கூடாது என்று நவநீதனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். குடத்தைத் தன் பக்கத்து முன் சீட்டின் கீழே வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டி வருவானாம். இந்தப் புதன்கிழமை மார்ட்டினும் அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறான்.

"நீ இதை அவனுக்கு எழுதப்படாது ஸ்தனிஸ். காவேரியைப் பார்க்காம நான் எப்படிடா இருப்பேன்?" என்றார்கள். அம்மா கையால் எத்தனை நாள் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன், மனசு ஆறவே இல்லை.

நேற்று துறையூருக்குப் போய் நவநீதனைப் பார்த்தேன். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறான். டிரைவர் வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் விபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்களாம். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டது, "அம்மாவுக்குத் தையல் பிரிச்சாச்சாண்ணே?" ஏண்டா தண்ணீரை மறைத்தாய் என்றேன். "தண்ணின்னா எங்கேருந்துன்னு கேப்பீங்கள்ல" என்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வேலை தப்பியிருக்கும். உன் அம்மாவுக்கு ஆறு இருந்திருக்காது.

கனெக்டரை மாற்றி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிவிட்டேன். குடத்துக்கு இறுக்கமான மூடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இனி அது டிக்கியில்தான் வரும். மார்ட்டினுக்கு வேறு இடத்தில் வேலை பேசிவிட்டேன். பழுது இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இதோடு இருக்கிறது. நவநீதன் நம்பரை அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

கோபம் வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு. அம்மாவைத் திட்டாதே. முதலில் நவநீதனைக் கூப்பிடு, அப்புறம் அம்மாவிடம் பேசு. அடுத்த மாத அமாவாசை வியாழக்கிழமை வருகிறது. கார் தயாராக இருக்கிறது. அம்மா காலையில் ஏழு மணிக்கெல்லாம் குடத்தோடு வாசலில் நிற்பார்கள்.

உன் பெஞ்சுத் தோழன்,
ஸ்தனிஸ்லாஸ்