உட்கார்ந்தால் ஏரி தெரியும்

உன் மஞ்சள் ஜிபிஎஸ் கருவியின் பின்மூடியைத் திறந்ததும் ஒரு புளித்த நாற்றம் வந்தது. உள்ளே இரண்டு பென்சில் செல்லும் பொங்கி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. செல்லைக் கழற்றாமல் எதையும் அலமாரியில் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்வாய். நீ மட்டும் போட்டுவைத்திருக்கிறாய். கடைசி முறை அணைத்தபோது சீக்கிரமே மறுபடி எடுப்போம் என்று நினைத்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். காரியத்துக்கு வந்தவள் அதற்கப்புறம் ஐந்து மாதம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை என்ற குறுகுறுப்பு. காபி கொடுத்துவிட்டு உன் அம்மா இதை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இத நீயே எடுத்துட்டுப் போம்மா. இதத் தூக்கிக்கினு ரெண்டு பேரும் பார்க் பார்க்கா சுத்துவீங்களே. எங்களுக்கு இத ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

சரி ஆன்ட்டி என்று வாங்கிக்கொண்டேன். நாம் மூன்று வருடத்துக்கு மேலாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதை நீ வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இதை நீ முதலில் ஆபீசுக்குக் கொண்டுவந்தது 2004இல். அமெரிக்காவில் ஆறு மாத வேலை முடித்து வந்தவர்கள் எல்லாரும் சாக்லேட் கொண்டுவருவார்கள். நீ இதைக் கொண்டுவந்தாய். முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ ஓரிடத்தில் ஒரு டப்பாவை ஒளித்துவைப்பாராம். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவாராம். நாம் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வர வேண்டுமாம். ஜியோகேச்சிங் என்று பெயர். "வந்து?" என்று கேட்டேன். "வந்து ஒண்ணுமில்ல. அவ்ளோதான்" என்றாய். அந்த "ஒண்ணுமில்ல"தான் என்னை இழுத்தது. தர்மபுரியிலிருந்து வந்து, ஹெப்பகோடியில் அறை எடுத்து, நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவளுக்கு, ஒன்றுமில்லாத காரியம் ஒன்று தேவைப்பட்டது.

அப்போது இந்த ஊரில் மொத்தமே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் டப்பாக்கள். அவற்றை நாம் அவசரப்படாமல், மாதத்துக்கு ஒன்றாகத் தேடினோம். உன் பையில் என்னென்ன இருக்கும் என்று இப்போதும் சொல்வேன்: டார்ச், கூடுதல் செல், இரண்டு பென்சில், நனையாத ஜிப் உறைகள், சிலர் ஒளித்துவைக்கும் குட்டிப் பிலிம் டப்பாவுக்குள்ளிருந்து சுருட்டிய காகிதத்தை இழுக்க ஒரு புருவச் சாமணம். கல் சந்தில் நேராகக் கைவிடாமல் முதலில் துழாவிப் பார்க்க ஒரு குச்சி. தேளும் பாம்பும் ஜிபிஎஸ் பார்த்து நடப்பதில்லை என்பாய். இந்த ஆட்டத்தின் விதிகளை என்னைவிட நீ கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தாய். தின்பண்டம் வைக்கக் கூடாது, எறும்பு வரும். குழி தோண்டக் கூடாது. கோயில், மசூதி, ராணுவ இடம் பக்கம் கூடவே கூடாது. டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். முக்கியமாக, நாம் தேடுவது அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது.

கப்பன் பார்க்கில் அது தெரிந்துவிட்டது. ஓர் இரும்பு பெஞ்சுக்கு அடியில் நீ பாதி உடம்பை நுழைத்திருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார். "ஏனம்மா ஹுடுக்தா இதீரா?" என்ன தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்கிறார். நீ தலையை வெளியே எடுக்கிற நேரத்துக்குள் ஒரு காதை வெறுங்காது ஆக்கியிருந்தாய். "கிவி ஓலே பித்தோய்து சார்" என்றாய், அழுகிற குரலில். தோடு விழுந்துவிட்டதாம். அந்த நல்ல மனிதர் லத்தியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, நம்மோடு சேர்ந்து புல்லைக் கிளற ஆரம்பித்தார். இருபது நிமிடம். பாவம் பார்த்து நீ கையிலிருந்த தோட்டை அவர் கண்ணில் படுகிற மாதிரி புல்லில் நழுவவிட்டாய். அவர் அதை எடுத்து நீட்டியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நம்முடைய டப்பா அன்று கிடைக்கவில்லை. அவருக்கு ஒன்று கிடைத்தது.

பஸ்ஸில் வரும்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் ஒன்றைக் குறித்தும் வைத்துக்கொண்டேன்: இவளுக்குக் கண் இமைக்காமல் பொய் சொல்ல வருகிறது. அது என் தொழில் புத்தி.

அன்று வீட்டுக்குப் போய் இணையத்தில் நம் குறிப்பை எழுதும்போது, "பெட்டி அங்கே இல்லை" என்று தட்டினேன். நீ மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாய்: "மாத்துடி அத. கிடைக்கலன்னு எழுது. இல்லன்னு எழுதாத. நமக்குக் கிடைக்கல, அவ்ளோதான் நமக்குத் தெரியும்." உன் அந்த எவர்சில்வர் டப்பாவை நான் மறக்க முடியுமா. மூடியில் உன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதிலிருந்து பாதி சோறு தினமும் என் தட்டுக்கு வரும். சோறு வாயில் இருந்ததால் மறுப்புச் சொல்லாமல் மாற்றினேன்.

அடுத்த வருடம் நான் சொந்தமாக ஒரு சாம்பல் நிறக் கருவி வாங்கினேன். உனக்கு என்னைவிடச் சந்தோஷம். "இனிமே உனக்குன்னு ஒரு டப்பா நானே ஒளிச்சு வெக்கலாம்" என்றாய். புதுக் கருவி ஆசையில் அந்த மாதம் எங்கே போனாலும் என்னுடையதைத்தான் எடுத்துப் போனோம். உன்னுடையது உன் வீட்டிலேயே இருந்தது. அந்த விவரம் அப்போது எனக்கு ஒரு விவரமாகத் தெரியவில்லை.

நீ ஒளித்த டப்பா ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம், என் அறையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில். எனக்காகத்தான் அங்கே வைத்தாய். இணையத்தில் எண்களும், கீழே ஒரே ஒரு வரி உதவிக் குறிப்பும் போட்டாய்: "உட்கார்ந்தால் ஏரி தெரியும்." என் கருவி என்னைத் தைலமரத் தோப்பு ஒன்றுக்குள் கொண்டுபோய் விட்டது. உட்கார்ந்தால் மரம் தெரிந்தது. நின்றாலும் மரம்தான். இரண்டாம் முறை போனேன், மூன்றாம் முறை போனேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே இருந்த ஒவ்வொரு கல்லையும் புரட்டி, புரட்டிய கல்லைத் திரும்ப வைத்து, நகத்தை உடைத்துக்கொண்டு வந்தேன். வேறு இரண்டு பேரும் தேடிவிட்டுக் கைவிரித்தார்கள்.

அன்று மாலை இணையத்தில் எழுதினேன்: "மூன்று முறை வந்து கல் கல்லாகப் பார்த்துவிட்டேன். பெட்டி இங்கே இல்லை. இங்கே ஒன்று வைக்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை."

திங்கட்கிழமை கேண்டீனில் நீ என் எதிரில் உட்கார்ந்தாய். "நேத்து போய்ப் பார்த்தேன்டி. வெச்ச இடத்துலயே இருக்கு."

"அப்ப வா, இன்னிக்கே போலாம். காட்டு."

"நான் காட்டினா அது தேடறதா? உனக்குன்னு வெச்சது. நீயே எடுக்கணும்."

"இருந்தா எடுக்கமாட்டேனா?"

"இருக்குன்னு சொல்றேனே."

"கம்மல் விழுந்துடுச்சுன்னுகூடத்தான் சொன்ன."

நாலு பேர் உட்கார்ந்திருந்த மேஜை. ஒருவன் சிரித்தான். நீ பாதி சாப்பிட்ட டப்பாவை மூடினாய். அது பிளாஸ்டிக் டப்பா. ஒரு மாதமாக நீ பிளாஸ்டிக் டப்பாவில்தான் சாப்பாடு கொண்டுவந்துகொண்டிருந்தாய். பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு, அந்த எவர்சில்வர் டப்பா எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை பார்.

அந்த வாரமே உன் டப்பாவின் பக்கத்தை இணையத்தில் மூடிவிட்டாய். இரண்டு மாதத்தில் ஒயிட்ஃபீல்டில் வேறு வேலை. பிறந்தநாளுக்கு ஒரு எஸ்எம்எஸ், பொங்கலுக்கு ஒரு எஸ்எம்எஸ். நான்தான் முதலில் இறங்கிப் பேசியிருக்க வேண்டும். உன் மேல்தான் தப்பு என்று வைத்துக்கொண்டதால், நீ இறங்கி வருவாய் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் போன் வந்தது.

நேற்று இந்தச் செல் கசிவை எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, புதுச் செல் போட்டேன். உயிர் வந்துவிட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்க, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த்தொட்டிச் சுவரில் உன் மஞ்சளையும் என் சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் வானத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் இரண்டும் வேறு வேறு எண் காட்டின. ஒரு ஜாண் இடைவெளியில் இருக்கிற இரண்டு கருவி, இருநூறு மீட்டர் தள்ளித் தள்ளி இருப்பதாகச் சொல்லின.

முதலில் உன்னுடையது கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பார், அப்போதும் உன்னுடையதுதான். பிறகு பழக்கதோஷத்தில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். எந்த நில அளவைக் கணக்கில் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு வரி இருக்கிறது. என்னுடையதில், எல்லாருடையதிலும், செயற்கைக்கோள் கணக்கு. உன்னுடையதில் "இந்தியன்" என்று இருந்தது. இந்த நாட்டின் பழைய வரைபடங்களுக்காக, அந்தக் காலத்தில் பூமியின் உருவத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி அளந்து வைத்த கணக்கு. இரண்டும் தப்பில்லை. ஆனால் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு போனால் இரண்டும் இரண்டு இடத்தில் கொண்டுபோய் விடும்.

உடனே உன் அப்பாவுக்குப் போன் செய்தேன். மாநில அரசில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்குத்தான் தெரியும்.

"ஆமாம்மா, ஒரு ஞாயித்துக்கிழம என் பழைய மேப்ப விரிச்சு வெச்சுக்கினு, நம்பர் சேரல, நம்பர் சேரலன்னு ஒக்காந்துனு இருந்தா. நான்தான் கணக்க மாத்திப் பாருன்னேன். சேந்துருச்சு. அப்பா கிரேட்னு குதிச்சா." பிறகு, "ஏம்மா, அதுல எதாச்சும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள். நல்லா வேல செய்யுது" என்றேன். கண் இமைக்காமல்தான் சொன்னேன். உன்னிடம் கற்றது.

மேப்போடு சேர்ந்துவிட்டதே என்று நீ அமைப்பைத் திருப்பி வைக்க மறந்திருக்கிறாய். அந்தக் கணக்கிலேயே எண்ணைக் குறித்து இணையத்தில் போட்டாய். நாங்கள் எல்லாரும் எங்கள் கணக்கில் தேடினோம். நீ போய்ப் பார்க்கும்போதெல்லாம் உன் கருவி உன்னை நேராக அங்கேயே கொண்டுபோய் விட்டது. ஒரே ஒரு முறை நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். நானே தேடி எடுக்க வேண்டும் என்ற உன் விதி அதைத் தடுத்தது, என் வாய் மிச்சத்தைச் செய்தது.

இன்று காலை நீ இணையத்தில் போட்டிருந்த எண்களை ஏற்றி, உன் மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அம்பு என்னைத் தைலமரத் தோப்பைத் தாண்டச் சொன்னது. வடமேற்கே, வேலி ஓரமாக, கரை மேல் ஏறச் சொன்னது. அங்கே ஒரு யானை படுத்த மாதிரி பாறை. குச்சியால் துழாவினேன். பாறையின் சந்தில், தட்டைக் கல் இரண்டுக்குப் பின்னால், கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி அந்த எவர்சில்வர் டப்பா. மூடியில் புள்ளி புள்ளியாக நீ.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏரி தெரிந்தது.

ஜிப் உறைக்குள் நோட்டு. முதல் பக்கத்தில் "1" என்று எண் போட்டு, வரியைக் காலியாக விட்டிருந்தாய். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் நான்கு வரி. "வந்தேன். இருக்கிறது." "வந்தேன். இருக்கிறது. எறும்பு இல்லை." "வந்தேன். இருக்கிறது. பென்சில் மாற்றினேன்." கடைசி வரியின் தேதி, நீ வேலை மாறிப் போய் ஒரு வருடம் கழித்து. ஒயிட்ஃபீல்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். "வந்தேன். இருக்கிறது. அவள் வரவில்லை." என் அறை அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. நான் அன்று வீட்டில்தான் இருந்திருப்பேன்.

அடியில் ஒரு சின்ன உறை. உள்ளே ஒற்றைத் தோடு, ஒரு துண்டுக் காகிதம்: "முதலில் கண்டுபிடித்தவர்: கான்ஸ்டபிள் சார். இரண்டாவது: நீ."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா நின்று பார்த்தார். "ஏனாய்த்து?" என்ன ஆயிற்று என்று கேட்டார். தோடு விழுந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று காட்டினேன். நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பையில் தேடினேன். அந்தத் தோட்டுக்குச் சமமானது என்று வைக்க என்னிடம் எதுவும் இல்லை, மேலானதற்கு எங்கே போவேன். அதனால் எடுக்கவில்லை. முதல் வரியில் என் பெயரை எழுதி, எல்லாவற்றையும் இருந்த மாதிரியே வைத்து, கல்லை மூடிவிட்டு வந்தேன். நீ மூடிய பக்கத்திலும் இணையத்தில் குறிப்பு எழுத முடிகிறது. என் பழைய குறிப்பை அழிக்கவில்லை. தப்பாக எழுதியது தப்பாகவே இருக்கட்டும். கீழே புதிதாக ஒன்று சேர்த்தேன்: "இருக்கிறது. எனக்குத்தான் கிடைக்கவில்லை."

உன் மஞ்சள் கருவி இனி என்னிடம்தான் இருக்கும். மாதம் ஒரு முறை செல் மாற்றுவேன். அந்த அமைப்பை மட்டும் திருத்தப் போவதில்லை. இது காட்டும் எண் வேறு யாருடைய கருவியோடும் சேராது. உன் டப்பாவுக்குப் போக இது போதும்.