பெட்ரோல் பத்தாத டர்போ

நேற்று அடையாறு பாலத்தில் மேகலாவின் கணவன் அவளோடு ஓட்டிப்போன கார், வேகமெடுத்ததும் திணறி நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. இன்று வேலைக்குக் கிளம்பிய மேகலா, தூங்கும் கணவனை எழுப்பாமல் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"மாமா, கார் சாவி கீழ் வீட்டு கெங்கம்மாக்காகிட்ட கீது. மெக்கானிக் வந்து வாங்கிப்பாரு. அவராண்ட போன்ல கேட்டேன். நீ மாட்டுன டர்போ இன்ஜினுக்குள்ள காத்த அதிகமா தள்ளுதாம், பழைய பம்பால அந்தளவு பெட்ரோல் குடுக்க முடியலியாம். இப்டியே ஓட்டுனா இன்ஜின் உருகிடுமாம். டர்போவ கழட்டச் சொல்லு, இல்லாட்டி பெரிய பம்பு போடச் சொல்லு. அதுவரைக்கும் பஸ்ல போ. குக்கர்ல சாம்பார் சாதம் கீது."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"லாரி நின்னப்புறமும் நீ ஸ்டியரிங்க விடாம புடிச்சினே இருந்த, பாத்தேன். வீட்டுக்கு வந்து என்னாண்ட கத்துனதுக்கு பதிலா, பயந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். நானும்தான் பயந்தேன்."